எதிர்க்கடைப் பக்கத்து வெள்ளைப் பட்டை

கன்னிகாவுக்கு வெயில் மேல் கோபம் இல்லை. வெயில் எல்லார் தலையிலும்தான் அடிக்கிறது. அவளுடைய கோபமெல்லாம் எதிர்க்கடை மோகனப்ரியா மேல். அதைக் கோபம் என்று நான் சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான். தெருவில் இருப்பவர்கள் வயிற்றெரிச்சல் என்றே சொல்வார்கள்.

திருப்பதியை ஒட்டிய திருச்சானூரில் தாயார் கோயிலுக்குப் போகும் அந்தத் தெருவின் முனையில் செருப்பு ஸ்டாண்ட் இருக்கிறது. அங்கே செருப்பை விட்டால் கோயில் வாசல் வரை வெறுங்கால்தான். பக்தர்களுக்கு மட்டுமல்ல, கடைக்காரர்களுக்கும் அதே வழக்கம். காலையில் வெயில் ஏறுவதற்குள் கடைக்குள் போய் உட்கார்ந்துவிட்டால், பொழுது சாய்ந்து தார் ஆறிய பிறகுதான் இறங்குவார்கள். நடுவில் இறங்கினால் பாதம் வெந்துவிடும்.

முன்பெல்லாம் சித்திரை பிறந்த பிறகுதான் இந்தக் கஷ்டம். கோயில் ஆட்கள் தேங்காய்நார் மிதியடி விரித்துத் தண்ணீர் தெளிப்பார்கள், ஒரு மழை பெய்தால் சுருட்டி எடுத்துக்கொண்டு போவார்கள். இப்போது மாசியிலேயே தார் கொதிக்கிறது. தெளித்த தண்ணீர் ஆவியாகிவிடுகிறது, மிதியடியே சுடுகிறது. அதனால் போன வருஷம் தெருவின் ஒரு ஓரமாக, ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்கு, வெயிலைத் திருப்பி அனுப்புகிற ஏதோ ஒரு வெள்ளைப் பெயிண்டை நீளமாகப் பட்டையடித்துவிட்டுப் போனார்கள். அந்த ஓரம் மோகனப்ரியாவின் கடைப் பக்கம்.

ஏன் அந்தப் பக்கம் என்று கேட்டால், அங்கேதான் வயிறு எரியும். கன்னிகாவின் கடைமுன் பெரிய வேப்பமரம் ஒன்று இருந்தது. இந்தப் பக்கம்தான் நிழல் இருக்கிறதே, வெயில் பக்கத்துக்கு அடிப்போம் என்று கோயில் வேலைகளையும் கடைகளையும் கவனிக்கிற மேஸ்திரி நாகபூஷணம் முடிவு செய்தார். அன்றைக்குக் கன்னிகா மரத்தடியில் நின்று, "பாவம் மோகனா, உன் பக்கம்தான் நெழலே இல்ல" என்று பரிதாபப்பட்டாள். கார்த்திகையில் புயல் வந்தது. ஒரே நாளில் ஒரு மாச மழை கொட்டி, வேர் கிளம்பி, மரம் கன்னிகாவின் கடைக் கூரையோடு படுத்துவிட்டது. சரக்கில் இருந்த குங்குமமெல்லாம் கரைந்து தெரு முழுக்கச் சிவப்பாக ஓடியது. எதிர்க்கடையில் ஒரு வளையல்கூட உடையவில்லை.

இத்தனைக்கும் அந்தக் கடையை மோகனப்ரியாவுக்குப் பிடித்துக் கொடுத்ததே கன்னிகாதான். திருத்தணிப் பக்கத்திலிருந்து வந்த பெண். புருஷனுக்கு ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை. கம்பெனி பஸ்ஸில் போனால் ராத்திரிதான் வீடு. தமிழ் பேசுகிற பெண்ணாயிற்றே என்று கன்னிகாதான் நாகபூஷணத்திடம் பேசி முடித்தாள். சாக்கடை ஓரத்துக் கடை, யாரும் எடுக்காமல் கிடந்தது. நல்ல கடை தன்னிடம் இருக்கிற நிம்மதியில் மனிதர்களுக்கு வருகிற தாராள மனசு அவளுக்கும் வந்திருந்தது.

இந்த வருஷப் பங்குனியில் அந்தத் தாராளத்தில் ஒரு துளிகூட மிச்சமில்லை. ஸ்டாண்டில் செருப்பை விட்ட ஜனங்கள் ஒருவர் பின் ஒருவராக வெள்ளைப் பட்டை மேலேயே போவார்கள். அது மோகனப்ரியாவின் கடை வாசலை உரசிக்கொண்டு போகிறது. கால் வலிக்கிறவர்கள் அங்கேயே நிற்பார்கள், நின்றால் மஞ்சள், குங்குமம், வளையல் வாங்குவார்கள். இரண்டு கடையிலும் அதே சரக்குதான். கன்னிகாவிடம் கூடுதலாகத் தாயாருக்குச் சாத்துகிற பட்டுப் புடவைகளும் உண்டு.

"ரண்டம்மா, ரண்டி! தாயாருக்குப் பட்டுப் பொடவை பாருங்கம்மா!" என்று அவள் தொண்டை கிழியக் கூப்பிடுவாள். ஜனங்கள் திரும்பிப் பார்ப்பார்கள். புடவையைப் பார்ப்பார்கள், நடுவில் இருக்கிற தார் ரோட்டைப் பார்ப்பார்கள், பிறகு தங்கள் பாதத்தைப் பார்ப்பார்கள். அவ்வளவுதான். கன்னிகா நாளெல்லாம் ஈ ஓட்டினாள். அந்த வெயிலில் ஈகூட எதிர்க்கடைக்குத்தான் போனது.

தன் பக்கமும் ஒரு பட்டை அடித்துத் தரச் சொல்லி நாகபூஷணத்திடம் கேட்டுப் பார்த்தாள். அவர் தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிற நல்ல மனிதர்தான்.

"ஏம் சேஸ்தாம்மா, என்ன பண்றது? சேங்ஷன் வரணும். மரம் போச்சுன்னு எழுதி மேல அனுப்பிட்டேன். அடுத்த எண்டாகாலத்துக்குள்ள வந்துடும்."

"அடுத்த வெயில்காலம் வரைக்கும் நான் இன்னாத்த துன்றது?"

அதற்கு அவரிடம் சேங்ஷன் இல்லை.

வீட்டில் புருஷன் ரகு, ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், சாப்பிட உட்காரும்போதெல்லாம் போனைக் காட்டுவான். ஏதோ ஒரு ஊரில் காடு பற்றி எரிந்தது, இன்னொரு ஊரில் பாலைவனத்தில் வெள்ளம் போனது, குளிர்தேசத்தில் ஜனங்கள் வெயில் தாங்காமல் நீரூற்றுக்குள் இறங்கி உட்கார்ந்திருந்தார்கள்.

"பாத்தியா, உலகம் பூரா இதே கதிதான். நீ மட்டும் ஏன் பொலம்பிக்கினு கீறே?" என்றான்.

"உலகம் பூரா அடிக்கிற வெயில், எதிர்க்கடையில மட்டும் ஏன் அடிக்க மாட்டேங்குது?"

"இந்த மாசக் கடைசியில லைசன்ஸ் புதுப்பிக்கணுமில்ல? உட்டுடு. கடைய ஒப்படைச்சுட்டு வேற வேல பாக்கலாம்."

"உட்டுடறதா? அவ கண்ணெதிர்ல நான் கடைய மூடிட்டுப் போவணுமா? நடக்காது." நஷ்டத்தை அவளால் தாங்க முடியும். மோகனப்ரியா பார்த்துக்கொண்டிருக்கக் கதவைச் சாத்துவதைத்தான் நினைக்கவே முடியவில்லை.

இதில் பெரிய கொடுமை, மோகனப்ரியா நல்லவளாக இருந்தாள். கெட்டவளாக இருந்திருந்தால் திட்டியாவது தீர்த்துக்கொள்ளலாம். தினமும் உச்சிப்பொழுதில் கூட்டம் குறைந்ததும் சொம்பில் மோர் எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து வருவாள். அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். இரண்டு ஈரச் சாக்கு. ஒன்றை விரித்து அதன் மேல் நிற்பாள், மற்றதை முன்னால் வீசுவாள், அதில் ஏறிக்கொண்டு பின்னால் கிடப்பதை இழுத்து மறுபடி முன்னால் வீசுவாள். கையில் சொம்பு, தலையில் முந்தானை, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. இந்தக் கண்ணாடியை அவள் போட ஆரம்பித்தது மாசியில். அன்றைக்கு ராத்திரி கன்னிகா தூங்கவில்லை. 'வியாபாரம் வந்ததும் சினிமாக்காரி ஆயிட்டா' என்று புரண்டுகொண்டிருந்தாள்.

மோரில் பெருங்காயமும் கறிவேப்பிலையும் மணக்கும். கன்னிகா ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்பாள்.

ஒருநாள் மோர் கொடுத்துவிட்டு மோகனப்ரியா தயங்கி நின்றாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே? உன் பொடவைங்கள என் கடையில ஒரு பக்கமா வச்சுக்கோயேன். நீயும் வந்து குந்திக்கோ. ரெண்டு பேரும் சேந்து வித்துக்கலாம்."

அவள் மனசில் ஒன்றுமில்லாமல்தான் சொன்னாள். கன்னிகாவின் காதில் அது, நான் பிடித்துக் கொடுத்த கடையில் எனக்கே ஓரமாக உட்கார இடம் தருகிறாள் என்று விழுந்தது. உடம்பெல்லாம் எரிந்தது.

"எனக்குக் கடை கீதும்மா. நீ உன் வேலயப் பாரு" என்றாள்.

மோகனப்ரியா சாக்குகளை வீசிக்கொண்டு திரும்பிப் போனாள். கன்னிகா அவள் முதுகையே பார்த்தபடி ஒரு முடிவுக்கு வந்தாள். சேங்ஷனாவது, மண்ணாங்கட்டியாவது. பட்டைதானே வேண்டும்? நானே அடிக்கிறேன்.

சாயங்காலம் பெயிண்ட் கடை எத்திராஜிடம் போனாள்.

"வெள்ளைப் பெயிண்ட் ஒரு பெரிய டப்பா குடு."

"எதுக்கு அடிக்கப் போற? செவுத்துக்கா, தரைக்கா? அதுக்குத் தக்கன குடுப்பேன்."

இங்கே ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தால் கதையே இல்லை. ரோட்டுக்கு என்று சொன்னால் எத்திராஜ் ஊர் பூராவும் சொல்லிவிடுவான், மோகனப்ரியா காதுக்குப் போய்விடும், அவள் சிரிப்பாள். அப்படித்தான் கன்னிகாவின் கணக்கு ஓடியது.

"கேட்டுக்கு" என்றாள். "நல்லா பளபளன்னு இருக்கணும். எதிர்ல கீறவங்க கண்ணு கூசணும்."

"அப்போ ஆயில் பெயிண்ட்தான்" என்று இரும்புக் கதவுக்கு அடிக்கிற எனாமலை எடுத்துக் கொடுத்தான் எத்திராஜ். இரும்புக்கு அது அருமையான பெயிண்ட்.

மறுநாள் கோழி கூப்பிடுவதற்குள் போய், பெரிய பட்டையிலிருந்து கிளை பிரித்துத் தன் கடைப்படி வரை அடித்து முடித்தாள். கெட்டியாக இருந்தால் இன்னும் குளிர்ச்சியாக இருக்கும் என்று டப்பாவையே கவிழ்த்துத் தேய்த்தாள். பழைய பட்டை சுண்ணாம்பு மாதிரி மங்கலாகக் கிடந்தது. அவளுடையது பால் கொட்டினது போல மின்னியது. விடிவதற்கு முன்னும் காற்று அனலாகத்தான் இருந்தது. வெயில் எட்டிப் பார்த்த கொஞ்ச நேரத்தில் மேலாக ஆடை கட்டிக் காய்ந்துவிட்டது.

அன்றைக்குக் காலை நடந்ததைக் கன்னிகா சாகும்வரை மறக்க மாட்டாள். ஸ்டாண்டிலிருந்து வந்த முதல் குடும்பம் பட்டை பிரிகிற இடத்தில் நின்று யோசித்தது. பளபளப்பான பக்கம் திரும்பியது. பின்னால் வந்தவர்களும் திரும்பினார்கள். கடை நிறைந்தது. குண்டூர்க்காரி ஒருத்தி புடவைகளை விரிக்கச் சொல்லிப் பார்த்து, இரண்டு எடுத்துக்கொண்டாள். கன்னிகா பொட்டலம் கட்டுகிற சாக்கில் நிமிர்ந்து நிமிர்ந்து எதிரே பார்த்தாள். மோகனப்ரியாவின் கடையில் ஒருவருமில்லை. அந்தக் காட்சி குளிர்ந்த தண்ணீரைத் தலையில் ஊற்றியது போல இருந்தது. மோகனப்ரியா அங்கிருந்தே கையை ஆட்டி, "அக்கா! உன் பக்கமும் அடிச்சுட்டாங்களா! நல்லதாப் போச்சு!" என்று கத்தினாள். நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். கன்னிகாவுக்கு அது மட்டும் பிடிக்கவில்லை.

வெயில் ஏறியது. ரகு போனில் அனுப்பியிருந்தான், இன்றைக்குத் திருப்பதியில் நாற்பத்தைந்து டிகிரி என்று. நடுப்பகலுக்குள் ஜனங்கள் பிரிகிற இடத்தில் ஒரு கால் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒட்டுதே" என்று திரும்பிப் போக ஆரம்பித்தார்கள். ஆயில் பெயிண்டில் இருக்கிற எண்ணெய் அடியில் தாரை இளக்கியிருந்தது. மேலே வெள்ளை ஆடை, உள்ளே கொதிக்கிற குழம்பு. கன்னிகாவுக்குக் கொஞ்சம் பயம் வந்தது. ஆனால் கூட்டமில்லாத நேரம்தானே, சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

உச்சியில் மோகனப்ரியா சொம்போடு இறங்கினாள். சாக்கு எடுத்துக்கொள்ளவில்லை. அதுதான் வெள்ளைப் பட்டை போட்டிருக்கிறார்களே.

கன்னிகா பார்த்தாள். "ஏய், வராத!" என்று எழுந்தாள். அதற்குள் மோகனப்ரியா பாதி தூரம் வந்துவிட்டாள். அங்கேதான் ஆடை கிழிந்தது. ஒரு கால் புதைந்தது, எடுப்பதற்காக ஊன்றிய மறுகாலும் புதைந்தது. சொம்பு பறந்தது. கொதிக்கிற தார் இரண்டு பாதத்தையும் பிடித்துக்கொண்டது. அவள் "அக்கா" என்று கத்தினாள், அம்மா என்று கத்தவில்லை.

கன்னிகா யோசிக்கவில்லை. கைக்குக் கிடைத்தது புடவைக் கட்டு. தாயாருக்குச் சாத்த வைத்திருந்த பட்டுகளை அள்ளி அள்ளித் தார் மேல் வீசி, அவற்றை மிதித்துக்கொண்டு ஓடி, மோகனப்ரியாவை இடுப்போடு பிடித்துப் பிடுங்கித் தூக்கினாள். ஒரு காலில் தோலும் கூடவே வந்தது.

ரகுவின் ஆட்டோவில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கட்டுப் போட்டுப் படுக்கவைத்தார்கள். சாயங்காலத்துக்குள் தெருவே வந்துவிட்டது. ஹார்லிக்ஸ், ஆரஞ்சு, இளநீர். பூக்கார வெங்கடம்மா கட்டிலோரம் உட்கார்ந்து அழுதாள். கன்னிகாவின் பாதத்திலும் கொப்புளம் போட்டிருந்தது. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த நேரத்திலும் அது அவளுக்குச் சுருக்கென்றது. இதற்குக் காரணமே தான்தான் என்ற நினைப்பு அடுத்தபடியாகத்தான் வந்தது. வந்ததும் ஓர் ஆரஞ்சை எடுத்து உரித்து மோகனப்ரியாவிடம் நீட்டினாள்.

"அக்கா, நான் எழுந்து வர வரைக்கும் என் கடையப் பாத்துக்கோ" என்று மோகனப்ரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கன்னிகாவின் விரல்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அப்படித்தான் கன்னிகா தன் கடையைப் பூட்டிவிட்டு, பிடிவாதமாக மறுத்த இடத்திலேயே போய் உட்கார்ந்தாள். வியாபாரம் கொட்டியது. ஆனால் முதல் நாளே பொழுது சாய்வதற்குள் கண் சிவந்து நீர் வழிந்தது. கால்களுக்குக் குளிர்ச்சி தருகிற அந்தப் பட்டை, திருப்பி அனுப்புகிற வெயிலையெல்லாம் நேரே கடைக்குள்தான் அனுப்புகிறது. முகம் காந்தியது. எதிரே பார்த்தால் பச்சையும் கறுப்புமாகப் பூச்சி பறந்தது. மேசை இழுப்பறையில் கண் மருந்துப் பாட்டில்கள் காலியாகக் கிடந்தன. கறுப்புக் கண்ணாடி எதற்கு என்று அப்போதுதான் தெரிந்தது. தெரிந்தும், இவளுக்கும் கஷ்டம் இருந்திருக்கிறது என்று ஆறுதலாக இருந்ததே தவிரப் பாவமாக இல்லை. பாவமாக இருப்பதற்கு இன்னும் இரண்டு நாள் ஆயிற்று.

மோகனப்ரியா கட்டுகளோடு கடைக்கு வந்த காலையில்தான் நாகபூஷணமும் ஆட்களோடு வந்தார். ரகு அவளை ஆட்டோவிலிருந்து இறக்கி நாற்காலியில் உட்காரவைத்தான். தெருக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

நாகபூஷணம் கெட்டுப்போன பட்டையைக் காட்டி, "இது மாவாளு வேசிந்தி இல்ல, எங்க ஆளுங்க போட்டதில்ல. எவரு வேசாரு? யார் போட்டது?" என்று கேட்டார். "கோயில் தெருவுல கை வச்சவங்க கடை லைசன்ஸ் புதுப்பிக்க மாட்டாங்க. சொல்லிட்டா நல்லது."

கன்னிகாவின் கண்ணெதிரே பூட்டிய கடை தெரிந்தது.

"நான்தான் சார்" என்றது ஒரு குரல். மோகனப்ரியா. "அக்கா கடைக்கு ஜனங்க வரலையேன்னு மனசு கேக்கல. தெரியாம நானே அடிச்சுட்டேன்."

வெங்கடம்மா, "எவ்ளோ நல்ல மனசும்மா உனக்கு!" என்று மூக்கைச் சிந்தினாள். "அடுத்தவங்களுக்கு நல்லது பண்ணப் போயி காலை உட்டுட்டியே!" நாகபூஷணத்தின் முகமே இளகிவிட்டது. "அட பங்காரு தல்லி, தங்கமான தாயி" என்றார். காயப்பட்ட பெண், நல்லெண்ணத்தில் செய்தது, மேலே சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ரகுகூடத் தலையை ஆட்டி, "இந்தக் காலத்துல யாரு இப்படிக் கீறாங்க" என்றான்.

தப்பித்தாயிற்று. கடை நின்றது, யாருக்கும் தெரியாது. கன்னிகா வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதான் பாக்கி.

அவளால் முடியவில்லை. விடியலுக்கு முன் குனிந்து குனிந்து இடுப்பொடிய அடித்தது அவள். டப்பாவைச் சுமந்தது அவள். அந்தப் பட்டை ஒரே ஒரு காலைப்பொழுது அவளுக்குக் கூட்டத்தைக் கொண்டுவந்தது. அதையும் இவளே எடுத்துக்கொண்டு, அதிலும் நல்ல பேர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"பொய்!" என்று கத்தினாள் கன்னிகா. "அவ ஒண்ணும் அடிக்கல. நான் அடிச்சேன். என் கடைக்கு ஜனங்க வரணும்னு நான்தான் அடிச்சேன். அவ கடை காலியாவணும்னு அடிச்சேன். எத்திராஜக் கேளுங்க!"

ரகு தலையில் கைவைத்துக்கொண்டான். காப்பாற்ற நினைத்த நாகபூஷணத்திடமிருந்து அதற்கான காரணத்தையே கன்னிகா பிடுங்கிவிட்டாள். "இத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டியேம்மா. இப்ப நான் என்ன சேயணும்?" என்றார். மாசக் கடைசியில் கோயிலில் அவளுடைய லைசன்ஸைப் புதுப்பித்துத் தரவில்லை.

எல்லோரும் போன பிறகு மோகனப்ரியா, "உனக்கு அறிவு கீதா அக்கா?" என்றாள். "அடிபட்டவள இன்னா பண்ணிடுவாங்கன்னுதான் நான் சொன்னேன். உன் கடை நின்னுருக்கும்."

"நான்தான்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"ஆஸ்பத்திரியிலயே. உன் நகமெல்லாம் வெள்ளையா கீது."

கன்னிகா கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். "தெரிஞ்சும் ஏன் திட்டல?"

"திட்டலாம்னுதான் இருந்தேன். பட்டுப் பொடவையெல்லாம் தார்ல போட்டு ஓடி வந்தியே, அதான் முடியல." பிறகு, "அவ்ளோ எரிச்சலாக்கா என் மேல?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றாள் கன்னிகா. "இன்னும் போவல."

அதன் பிறகு தார் படாத புடவைகளோடு கன்னிகா மோகனப்ரியாவின் கடையில் ஒரு பக்கமாக உட்கார்ந்தாள். வேறு வழியில்லை. மறுவாரமே ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கினாள். மோகனப்ரியாவுடையதைவிட ஒரு சுற்றுப் பெரியதாகப் பார்த்து வாங்கினாள். உச்சிப்பொழுதில் மோரை இருவரும் ஒரே சொம்பில் குடித்தார்கள். உப்பு சரியாக இருந்தது. கன்னிகா அதைச் சொல்லவில்லை.

ஆடி பிறந்தும் வெயில் குறையாத ஒரு காலையில் கன்னிகாவின் பழைய கடை, இப்போது எதிர்க்கடை, திறந்தது. காளஹஸ்திப் பக்கத்திலிருந்து யாரோ ஒரு பெண் எடுத்திருந்தாள். பூசணிக்காய் சுற்றி உடைத்து முடிப்பதற்குள் நாகபூஷணம் ஆட்களோடு வந்தார். அவர் கையில் டப்பாக்கள் இருந்தன. ஸ்டாண்டிலிருந்து தொடங்கி, எதிர்ச்சாரி ஓரமாகவே, கோயில் வாசல் வரை இழுத்து வெள்ளைப் பட்டை அடித்தார்கள். சரியான பெயிண்ட். போன பங்குனியில் கன்னிகாவுக்காக அவர் எழுதிப்போட்ட சேங்ஷன், சொன்னதற்கு முன்பாகவே வந்துவிட்டது. அதோடு, மரம் விழுந்த குழியில் ஒரு வேப்பங்கன்றும் நட்டுவிட்டுப் போனார்கள்.

பெயிண்ட் காய்ந்ததும் ஜனங்கள் அந்தப் பக்கம் திரும்பினார்கள். புதுக்கடைக்காரி தொண்டையைத் திறந்து கூப்பிடக்கூட இல்லை. அதற்குள் கடை நிறைந்துவிட்டது.

கன்னிகாவின் அடிவயிற்றில் பழகிய எரிச்சல் எழுந்தது. பெரிய கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண் கூசக்கூச அந்தக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மோகனப்ரியாவும் தன் கண்ணாடியைக் கழற்றினாள்.

"பாத்தியாக்கா" என்றாள் மோகனப்ரியா, பல்லைக் கடித்துக்கொண்டு. "நேத்து வந்தவ. எப்படி வந்து குந்திக்கினா பாரு."

கன்னிகா திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்த முகம். எத்தனையோ மாசமாக அவள் தனியாகச் சுமந்தது அதில் அப்படியே இருந்தது. கன்னிகா நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள்.

"கிட்ட வந்து குந்து" என்றாள். "இங்கேருந்து பாத்தா இன்னும் நல்லா தெரியும்."